தீவகமும் பழைய துவிச்சக்கரவண்டியும்

சைக்கிள் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈழத்தவர் எழுத்து வழக்கிலே துவிச்சக்கரவண்டி என்பதையும், தமிழகத்தார் மிதிவண்டி என்பதையும் வழங்குவர். முன்னையது உறுப்பினால் வந்த பெயர். பின்னையது தொழிலினால் வந்த பெயர். பேச்சு வழக்கிலோ இரு நாட்டாரும் சைக்கிள் என்றே கூறுவர். யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே இவற்றின் வேறாக மூன்றாவதொரு வழக்கும் உண்டு. வண்டியின் பொதுப்பெயரை விடுத்து, றலி, ஹம்பர், றட்ஜ் என அதன் குலப்பெயரைச் சொல்லுதலே அது. நல்ல பசுவை அதன் இனத்தாற் சுட்டுவது போன்றது இவ்வழக்கு. அவ்வாறு குலப்பெயர் பெற்ற வண்டிகளுட் பல இன்று வீட்டுக் கொட்டிலின் மூலையிலே ஓலையுங் கிடுகும் மூட நிற்கின்றன. சில இன்னும் ஓடுகின்றன. அண்மைக் காலத்திலே அவற்றைத் தேடி வாங்கிச் சேர்ப்போரும் தோன்றியுள்ளனர். சேர்ப்போர் அறியவேண்டியன யாவை, சேர்த்ததை ஓட்டுவோர் அறியவேண்டியன யாவை என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

பழைய சைக்கிள் சேர்க்கும் வழக்கம் பிற நாடுகளிலே நன்கு வேரூன்றியதொன்று. பிரித்தானியாவிலே 1955ஆம் ஆண்டு தொடக்கம் இதற்கெனவே ஒரு சங்கம் உளது. இத்தாலி நாட்டுத் தஸ்கனிப் பகுதியிலுள்ள கயோலே என்னும் சிற்றூரிலே, 1997இல், எரோயிக்கா என்ற பெயரால் ஒரு சவாரி தொடங்கப்பட்டது. 1987க்குப் பிந்திய வண்டிக்குப் பொதுவாக ஆங்கு இடமில்லை. பிறேக்குக் கம்பிகள் கைபிடிக்கு வெளியே வளைந்து செல்லவேண்டும். பற்சக்கரம் மாற்றும் விசை சட்டகத்தின் சாய்ந்த குழாயிலே இருத்தல் வேண்டும். அச்சவாரியின் நோக்கம் பழைய வண்டிகளைக் காட்டுவது மாத்திரமன்று. தார் இடப்படாத வெண்ணிறச் சரளை வீதிகள் அழியாது காக்கப்படவேண்டும் என்பதும் அதன் கருத்தாகும்.

ஆயின், ஆங்குச் சேர்க்கப்படுவன பெரும்பாலும் பந்தய வண்டிகள். மெல்லிய உருக்குக் குழாயாலாகிய, குனிந்து ஓட்டும் வண்டிகள். தீவகத்திலுள்ளவை அத்தகையன அல்ல. ஆங்கிலேயர் றோட்ஸ்டர் எனப் பெயரிட்ட கனத்த வீதிவண்டிகளே இங்கு வந்தவை. அவற்றின் சக்கரம் 28 அங்குலம். ரயரின் பருமன் ஒன்றரை அங்குலம். பிறேக்குகள் கயிற்றாலன்றி இரும்புக் கோல்களால் இழுக்கப்படுவன. நிறை ஏறத்தாழ 45 இறாத்தல். பந்தய வண்டியோடு ஒப்பிட்டு இதனைத் தாழ்ந்ததெனக் கருதுதல் தவறு. செங்குத்தாக அமர்ந்து, வேட்டியோ சாரமோ உடுத்து, பின்னே கரியரில் ஒரு மூட்டையும் முன்னே பாரில் ஒரு பிள்ளையுமாக, குண்டும் குழியுமான வீதியிற் செல்வதற்கு இதனினும் சிறந்த வண்டி அமைக்கப்பட்டிலது.

இவ்வண்டியின் பிறப்பு வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1885இல் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், பின்சக்கரம் சங்கிலியால் இயங்குவதாய், றோவர் என்னும் வண்டியை அமைத்தார். 1888இல் பெல்பாஸ்ற் நகரிலே டன்லொப் என்னும் மிருக வைத்தியர் தம் மைந்தனின் முச்சக்கரவண்டிக்குக் காற்றடைத்த ரயரைப் பூட்டினார். இவ்விரண்டும் ஒன்றுசேர இன்றைய சைக்கிள் உருவாயிற்று. அதன்பின் நிகழ்ந்தவை திருத்தங்களே. பிராங்க் போடன் என்னும் செல்வர், நோயுற்று, சைக்கிள் ஓட்டி நலம் பெற்றவர். 1887இல் நொற்றிங்காம் நகரத்து றலி வீதியிலிருந்த சிறு பட்டறை ஒன்றினைத் தம் வசமாக்கினார். கடலோடி வோல்ற்றர் றலியின் பெயர் அவ்வீதிக்கு ஆகி, வீதியின் பெயர் கம்பனிக்கு ஆகி, கம்பனியின் பெயர் நெடுந்தீவு வரை வந்து சேர்ந்தது. ஹம்பர் சைக்கிளின் பெயருரிமையை 1932இலும், றட்ஜ் சைக்கிளின் உரிமையை 1943இலும் றலிக் கம்பனி பெற்றுக்கொண்டது. ஆகவே, போருக்குப் பின் வந்த ஹம்பரும் றட்ஜும் றலியின் வீட்டிலே பிறந்த வேற்றுப்பெயர்ப் பிள்ளைகள். ஹம்பர் உயர்ந்தது, றலி அதற்கடுத்தது எனத் திண்ணையிலிருந்து வாதிட்டோர் இதனை அறிந்திருப்பின் வாதம் பாதியிலே முடிந்திருக்கும்.

எனினும் வேற்றுமை இல்லாமலில்லை. பெடல் பூட்டிய பற்சக்கரத்தை நோக்குக. றலியில் நாரையின் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் சுற்றிவர நிற்கும். றட்ஜில் விரித்த கை காணப்படும். ஹம்பரின் உயர்ந்த வகையிலே முன்சக்கரத்தைத் தாங்கும் கவை ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக அமைந்திருக்கும். தொலைவில் வரும்போதே இனங்காணத்தக்க உறுப்பு அது.

மேலைநாடுகளிலே இத்தகைய வண்டிகள் மோட்டார் வாகனம் மலிந்தபோது பழைய இரும்பாகிப் போயின. தீவகத்தில் அவை பிழைத்தமைக்குக் காரணம் பழமையின்மீது கொண்ட பற்று அன்று, இன்மையே காரணம். 1960களிலே இலங்கையில் அந்நியச் செலாவணி குன்ற, இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மிக இறுகியது. புதிய ஆங்கில வண்டி வாங்க இயலாதாயிற்று. இருந்த வண்டியைக் கழற்றிப் பூட்டி ஓட்டுவதொன்றே வழி. 1977இன் பின் சந்தை திறக்கப்பட்டபோது இந்திய, சீன வண்டிகளும் உள்நாட்டு வண்டிகளும் பெருகின. அப்பொழுது பழையன ஒதுக்கப்பட்டிருத்தல் கூடும். ஆனால் 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. காரும் லொறியும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. பெரும்பாலான மக்களுக்குச் சைக்கிளே ஊர்தியாயிற்று. நோயாளரும் விறகும் நெல்மூட்டையும் அதன்மேலேயே சென்றன. மின்சாரமும் மின்கலமும் அற்ற அந்நாளிலே, சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலை மிதித்து, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டதை அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். 1990ஐ அடுத்துத் தீவக மக்களிற் பெரும்பகுதியினர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் நடந்தபோதும், உருட்டிச் சென்ற சைக்கிளே பலருக்கு வீட்டின் எஞ்சிய பகுதியாயிருந்தது. இன்று கொட்டிலில் நிற்கும் வண்டியைக் காண்போர் இவ்வரலாற்றையும் உடன் காணல் வேண்டும்.

இனி, அதன் பொறியமைப்பிற் சிலவற்றை விளக்குவாம். பண்டைத் தமிழர் தேர்ச்சக்கரத்தின் உறுப்புக்களைக் குறடு, ஆர், சூட்டு எனப் பெயரிட்டு வழங்கினர். மரச் சக்கரத்திலே குறட்டின் கீழுள்ள ஆர் தூண்போல நின்று பாரத்தைத் தாங்கும். சைக்கிட் சக்கரமோ இதற்கு மறுதலையானது. மெல்லிய கம்பி தூணாக நிற்க வல்லதன்று, அமுக்கின் வளையும். ஆயினும் எல்லாக் கம்பிகளும் முன்னரே முறுக்கி இழுக்கப்பட்டிருப்பதால், பாரம் ஏறும்போது கீழுள்ள கம்பிகளின் இழுவை சிறிது தளர்கின்றது. சக்கரம் முழுவதும் ஒருங்கே நின்று தாங்குகின்றது. ஆங்கில வண்டிகளிலே முன்சக்கரத்திற்கு 32 கம்பியும் பின்சக்கரத்திற்கு 40 கம்பியும் அமைத்தமை பாரத்தின் பகிர்வறிந்து செய்ததாகும். கம்பிகளை விரலால் தட்டி, ஒலி ஒத்திருக்கின்றதா என்று கேட்டே சக்கரத்தின் நெளிவு எடுக்கும் திருத்துநர் உளர். யாழ் நரம்பைச் சுருதி கூட்டுவோனுக்கும் அவருக்கும் தொழில்முறையில் வேறுபாடு அதிகமில்லை.

இன்னும் நுட்பமானது பின்சக்கரக் குடத்தினுள் மறைந்திருக்கும் மூன்று வேகப் பொறி. ஸ்ரேமி ஆச்சர் என்னும் பெயருடைய இப்பொறி 1902இல் தோன்றியது. 1936இல் வந்த ஏ.டபிள்யூ. என்னும் வகையே இங்கு மிகுதியாகக் காணப்படுவது. குடத்தின் நடு அச்சிலே 20 பற்களுடைய சக்கரம் ஒன்று அசையாது நிற்கும். அதற்குச் சூரியன் என்று பெயர். அதனைச் சுற்றி உருள்வன கிரகங்கள். அவற்றை வளைத்து நிற்பது உட்புறம் 60 பற்களுடைய வளையம். நடு வேகத்திலே சங்கிலியின் சுழற்சி மாற்றமின்றிக் குடத்திற்குச் செல்லும். மேல் வேகத்தில், சங்கிலி கிரகங்களைச் சுழற்ற, வளையம் குடத்தைச் சுழற்றும். சங்கிலி மூன்று முறை சுற்றக் குடம் நான்கு முறை சுற்றும். கீழ் வேகத்தில் இது தலைகீழாகும். சங்கிலி நான்கு முறை சுற்றினாற் குடம் மூன்று முறையே சுற்றும். முன்னே 46 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியிலே, பெடலை ஒருமுறை சுற்ற, நடு வேகத்தில் ஏறத்தாழ 18¾ அடியும், கீழ் வேகத்தில் 14 அடியும், மேல் வேகத்தில் 25 அடியும் வண்டி செல்லும். நவக்கிரகத்தை வலம்வருவோர் இக்குடத்தினுள்ளும் கிரகங்கள் சூரியனை வலம்வருவதை அறியின் மகிழ்வர்.

மேடு பள்ளமற்ற சுண்ணக்கற் பூமியாகிய தீவகத்திலே மூன்று வேகம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். மலை இல்லையாயினும் காற்று உண்டு. சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களிலே பண்ணைத் தாம்போதியிலோ, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள தாம்போதியிலோ சைக்கிளில் வந்தவர் இவ்வினாவை வினவார். இருமருங்கும் கடல், மறைப்பதற்கு ஒரு பனையும் இல்லை. காற்றின் தடை வேகத்திற்கு நேராக வளர்வதன்று. அதன் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 10 மைல் வேகத்தில் ஓட்டுவோனை மணிக்கு 15 மைல் வேகக் காற்று எதிர்ப்பின், அவன்மேல் மோதுங் காற்று 25 மைல் வேகத்தது. காற்றில்லாத நாளினும் தடை 6¼ மடங்காகும். நிமிர்ந்து அமரும் வண்டியாதலின் மார்பே பாயாகிவிடும். ஒற்றை வேக வண்டிக்காரர் இறங்கி உருட்டும் இடத்திலே, கீழ் வேகமுடையவர் மெல்ல மிதித்துக் கடப்பர். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ள, 25 அடிக் கணக்கும் பொய்யன்று என்பது புலப்படும்.

காற்றினும் கொடிய பகை உப்பு. பளபளக்கும் குரோமியப் பூச்சு முழுமையான போர்வை அன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகள் அதிற் பல உள. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு அத்துளைகளின் வழியே இறங்கி உருக்கைத் தின்னும். மேலே மின்னிக்கொண்டிருக்க, உள்ளே றிம் இற்றுப்போகும். கறுப்பு எனாமலோ சூளையிற் சுடப்பட்டதாகையால் உறுதி மிக்கது. இதனாலேதான் கைபிடியும் றிம்மும் துருவேறிக் கிடந்த வண்டியிற்கூடச் சட்டகத்தின் கறுப்பு நிறமும் பொற்கோடுகளும் மங்காதிருக்கக் காணலாம். உப்புக்கு மருந்து நல்ல தண்ணீரும் எண்ணெயுமே. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் குண்டுகளிலும் சங்கிலியிலும் எண்ணெய் பரவிக்கொண்டேயிருக்கும். நிறுத்தப்பட்ட வண்டியிலே அது ஓரிடத்தில் வடிந்து உறையும். ஓட்டாது காப்பாற்றலாம் என்பது தீவகத்தைப் பொறுத்தவரை வீண் எண்ணம்.

சேர்ப்போரிற் பலர் செய்யும் பெரும்பிழை ஈண்டுக் கூறற்பாலது. வாங்கிய உடனே வண்டியைச் சுரண்டி, மோட்டார் வாகன வர்ணம் தெளித்து, உறுப்புக்களுக்கு மறுபடியும் குரோமியம் ஏற்றி, சந்தையில் விற்கும் இலச்சினையை ஒட்டிப் புதுமணப்பெண் போல் நிறுத்துகின்றனர். அவர்தம் ஆசையைப் பழித்தல் தகாது. தாய்தந்தையர் அந்த வண்டியைப் புதிதாய் வாங்கிப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் இட்டு, தேசிக்காய் நசித்து ஓட்டிச் சென்ற நாளின் கோலத்தை அவர்கள் மீண்டும் காண விழைகின்றனர். ஆயினும் அவ்வாறு செய்கையில் அழிவது யாது? பழைய சைக்கிள் ஓர் ஏடு போன்றது. சட்டகத்தில் வெட்டப்பட்ட இலக்கம், தலைக்குழாயின் பித்தளை இலச்சினை, விற்ற கடையின் பெயர் ஒட்டு, உள்ளூராட்சி மன்றத்து அனுமதித் தகடு, பாரிலே பிள்ளை அமர்ந்தமர்ந்து தேய்ந்த எனாமல், கரியரிற் கயிறு அறுத்த தடம் ஆகிய யாவும் அதன் எழுத்துக்கள். ஏடு கறுத்ததென்று அதன்மேற் சுண்ணாம்பு பூசுவார் இலர்.

அவ்வெழுத்தை வாசிக்கும் முறைகள் சில உள. 1950களிற் செய்யப்பட்ட ஏ.டபிள்யூ. குடத்தின் மேல் ஆண்டின் இறுதி இலக்கம் இரண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும்; 55 என்றும் 9 என்றும் இருப்பின் 1955 செப்ரெம்பரிற் செய்த குடம் அது. குடம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருத்தலுங் கூடுமாதலின் இதனை மட்டுங் கொண்டு வண்டியின் வயதைத் துணிதல் கூடாது. நிக்கற் பூச்சே இருப்பின் 1930களுக்கு முந்தியதென ஐயுறலாம். கைபிடியும் றிம்மும் தொடக்கத்திலேயே கறுப்பு வர்ணம் பெற்றிருப்பின், குரோமியம் அரிதாயிருந்த இரண்டாம் உலகப்போர்க் கால வண்டி எனக் கருத இடமுண்டு. ஹேர்க்குலிஸ் என்னும் பெயரைக் கண்டவுடன் இங்கிலாந்து வண்டி என்று முடிவு செய்தலும் ஆகாது. 1949இற் சென்னைக்கு அருகே அம்பத்தூரிலே தொடங்கிய தொழிற்சாலையும் அப்பெயரிலே வண்டிகள் செய்தது. மேற்கு வங்கத்து அசன்சோலிலே றலியும் செய்யப்பட்டது. இந்திய வண்டி இழிந்ததென்பது கருத்தன்று. உள்ளதை உள்ளவாறு அறிதலே கருத்து.

திருத்தும்போது நேரும் இடர் ஒன்றைத் தனியே குறிப்பிடல் வேண்டும். நொற்றிங்காமிற் செய்த றலி வண்டியின் பெடல் அச்சுக் கிண்ணங்களிலே அங்குலத்துக்கு 26 புரிகள் உள. பிறர் பொதுவாகக் கைக்கொண்டது 24 புரி. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. தேய்ந்த கிண்ணத்தை அகற்றிக் கடையில் வாங்கிய புதியதைச் சுத்தியலும் பலமுங் கொண்டு முறுக்கின், சட்டகத்தின் புரி சிதைந்து வண்டியே பாழாகும். ஆதலால் உடைந்து துருவேறிய றலி வண்டியையும் உறுப்புக்காகப் பேணி வைத்தல் நன்று. ரயரைப் பற்றிய கவலை இல்லை. 28க்கு ஒன்றரை அங்குல ரயர் இந்தியாவில் இன்றும் உற்பத்தியாகின்றது. தோல் இருக்கையைப் பற்றியோ கவலை உண்டு. புரூக்ஸ் இருக்கையைத் தேங்காயெண்ணெயில் ஊறவிடுவோர், தோல் மென்மையாகின்றதென மகிழ்வர். சில மாதத்தில் அது தொட்டில்போலத் தொங்கும். சிறிதளவு மெழுகை அடிப்புறத்தே தடவி, மூக்கிலுள்ள திருகாணியைக் கால் சுற்று முறுக்குவது போதும். மூன்று வேகக் குடத்தினுள் கிறீஸ் இடுதலும் தவறு. உள்ளிருக்கும் சிறு கொக்கிகள் அதில் ஒட்டிக்கொள்ள, மிதிக்கும்போது பெடல் வெறுமனே சுழன்று ஓட்டுநர் விழ நேரும். மெல்லிய எண்ணெய் சில துளிகள், குடத்தின் சிறு மூடியைத் திறந்து, மாதமொருமுறை விடவேண்டும்.

இவ்வண்டிகளை ஓட்டிப் பார்க்க விரும்புவோர்க்குத் தீவக வீதியே தக்க களம். பண்ணையிற் புறப்பட்டு, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்தால் வேலணை. ஆங்கு வீதி பிரிகின்றது. ஊர்காவற்றுறை செல்வோர் காரைநகருக்குப் பாதையில் ஏறிக் கடலைக் கடந்து வேறு வழியாகத் திரும்பலாம். பாதை என்பது ஈண்டு வழியன்று, சைக்கிளையும் ஆளையும் ஏற்றும் மிதவை. தீவகத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இச்சொல்லாற் பலகாலும் மயங்குவர். புங்குடுதீவு செல்வோர் தாம்போதி கடந்து குறிகட்டுவான் துறையை அடைவர். நயினாதீவு அங்கிருந்து கூப்பிடு தூரம்; நாகபூசணி அம்மன் கோபுரம் கரையிலிருந்தே தெரியும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிற் செல்லவேண்டும். பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கிடையே செல்லும் நெடுந்தீவு ஒழுங்கைகளிலே, பருத்த ரயரும் நீண்ட சட்டகமும் எதற்காக அமைந்தன என்பதை முதுகெலும்பே அறிந்துகொள்ளும்.

படகில் ஏற்றும்போது சைக்கிளைச் சங்கிலிப் பக்கம் மேலாக இருக்கச் சாய்த்தல் வேண்டும். கோற் பிறேக்கின்மேல் வேறு வண்டியைச் சார்த்த விடலாகாது, வளைந்த கோல் எளிதில் நிமிராது. கடல் தெறித்த வண்டியை அன்றிரவே கிணற்று நீரால், அதுவும் உவர் ஊறாத நல்ல கிணற்று நீரால் கழுவி, துணியால் ஒற்றி, சங்கிலிக்கும் கம்பி முனைகளுக்கும் எண்ணெய் காட்டிய பின்னரே உறங்கச் செல்லல் வேண்டும். மறுநாட் காலை வரை பொறுக்கலாம் என்று விட்டவரின் றிம்மிலே, விடியும்போது செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றியிருக்கும்.